தட்டப்பாறை டிஸ்டன்ட்

பீச் ரோட்டில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பழைய கிட்டங்கியின் வாசலில் ‘பொம்மை ரயில் கண்காட்சி’ என்று ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கப்பலுக்குப் போகிற சரக்கை ஒரு காலத்தில் போட்டு வைத்த இடம். சுவர் முழங்கை நீளத்துக்குத் தடிமன். ஜன்னல் என்று ஒன்று கிடையாது. நிலாவாரை இலையின் வாசமும் உப்புக் கசிவும் இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. போயும் போயும் இந்த இடத்திலா பிள்ளைகளுக்குக் கண்காட்சி வைப்பார்கள் என்று முணுமுணுத்தேன். என் வீட்டுக்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவர் எதையும் காதில் வாங்குவதில்லை.

அவர் பெயர் முத்துச்செல்வம். ரயில்வேயில் அசிஸ்டன்ட் லோகோ பைலட். எஞ்சினில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கை என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். நான் முப்பிடாதி. இந்தப் பெயரைச் சொன்னதும் ஆணா பெண்ணா என்று கேட்காத ஆபீஸ் இல்லை. போய் எங்கள் ஊர் அம்மனைக் கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன். அத்தை மகனைக் கட்டிக்கொண்டு, தூத்துக்குடிக்கு வெளியே திருநெல்வேலி ரோட்டில் இருக்கிற புதுக்கோட்டையில், ஒரு தையல் மிஷினோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன்.

எஞ்சின்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் அதன் பெயரையும் நிறத்தையும் உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் தானும் பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாதவரை முதல் ஆள் சொன்னது சொன்னதாகாது. வருஷக்கணக்கில் இப்படியே கத்திக் கத்தி, என் வீட்டுக்காரருக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. “குக்கர் விசில்” என்று நான் அடுக்களையில் சொன்னால், “குக்கர் விசில்” என்று வாசலிலிருந்து பதில் வரும். கல்யாணமான புதிதில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தப் பதில் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது.

அவருடைய டிரைவர் ஜேசுபாதம் அண்ணாச்சி. மூக்குப்பொடிக்காரர். பொடி போட்டுப் போட்டுக் குரல் கரகரவென்று இருக்கும். என்னைக் கண்டால், உன் மாப்பிள்ளை பதில் சொல்லுகிற வேகத்தில் பாதி வேகம்கூட எஞ்சினுக்கு இல்லை என்று கேலி பண்ணுவார். ஒரு நாள் சாயங்காலம் இரண்டு பேரும் மணியாச்சியிலிருந்து துறைமுகத்துக்குச் சரக்கு வண்டி கொண்டுவந்தார்கள். தட்டப்பாறை ஸ்டேஷனுக்கு முன்னால் முதலில் வருகிற சிக்னலுக்கு டிஸ்டன்ட் என்று பெயர். அதைப் பார்த்து, “டிஸ்டன்ட் பச்சை” என்றிருக்கிறார் அண்ணாச்சி.

இவர் திருப்பிச் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணாச்சி இருக்கையிலேயே சரிந்துவிட்டார். மாரடைப்பு.

இவர் பிரேக்கைப் போட்டு வண்டியை நிறுத்தினார். ஒரு சேதாரமும் இல்லை. மேலதிகாரிகள் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். ஆனால் இவருக்கு மனசு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அண்ணாச்சி கடைசியாகச் சொன்னதற்குத் தான் பதில் சொல்லவில்லை என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்லுவார். தூக்கத்தில் வாய் திறக்கும், சத்தம் வராது. தொண்டை மட்டும் ஏறி ஏறி இறங்கும். சாப்பாடு குறைந்தது, பேச்சு நின்றது. லீவு முடிந்து, கண்காட்சிக்கு மறுநாள் அவர் டூட்டியில் சேர வேண்டும். வேலை போனால் போகட்டும், தைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். என் மனுஷன் என் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாக எங்கோ போய்க்கொண்டிருந்தார். அவர் எனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் அண்ணாச்சியின் மகள் இன்பமணி போன் பண்ணினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறவள், தாயில்லாப் பிள்ளை. அண்ணாச்சி தன் வீட்டு மாடியில் ஒரு பொம்மை ரயில் பாதை செய்து வைத்திருந்தது எங்களுக்குத் தெரியும். மதுரையிலிருந்து ரயில் பிரியர்கள் சங்கம் ஒன்று கண்காட்சி போடுகிறது, அப்பாவுடையதையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள், முத்துச்செல்வம் அண்ணன் வந்து பார்த்தால் அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றாள். இவர் உடனே சட்டையை மாட்டிவிட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவராக ஆசைப்பட்டுக் கிளம்பியது அன்றைக்குத்தான்.

கிட்டங்கிக்குள் நல்ல கூட்டம். வரிசையாக மேசைகள். வெளிநாட்டு மலைகள், பாலங்கள், பஞ்சை ஒட்டிச் செய்த பனி. அந்தப் பனியைப் பார்த்து ஒரு அம்மா உப்பு நல்லா விளைஞ்சிருக்கு என்று சொல்ல, பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவரும் லேசாகச் சிரித்ததைப் பார்த்தேன். காளி ஆத்தா, இது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சியின் பாதை கடைசி மூலையில் இருந்தது. மேசை முழுக்க நம்ம ஊர். மணியாச்சி, தட்டப்பாறை, மீளவிட்டான், வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல், கடைசியில் துறைமுகத்துக் கிரேன். உடைமரத்தின் முள்ளைக்கூட விடாமல் செய்திருந்தார். கட்டை விரல் நீளத்துக்கு ஒரு எஞ்சின், பின்னால் நிலக்கரிப் பெட்டிகள். இன்பமணி சுவிட்சைப் போட்டாள். வண்டி மணியாச்சியிலிருந்து கிளம்பி அழகாக வந்தது.

தட்டப்பாறைக்கு முன்னால் நின்றுவிட்டது.

பாதையோரத்தில் குண்டூசி உயரத்துக்கு ஒரு சிக்னல் கம்பம். அதில் பச்சை எரிந்தது. பச்சை எரிந்தும் வண்டி நகரவில்லை.

“அப்பா போனதுலருந்து இப்படித்தான் மைனி. இங்கன வந்ததும் நின்னுருது. கையால தள்ளிவிட்டாத்தான் போவும்” என்றாள் இன்பமணி.

தண்டவாளத்தைத் துடைத்தாயிற்று, மோட்டாரை மாற்றியாயிற்று, மதுரைக்காரர்களும் ஒயரை எல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டார்களாம். ஒரு கோளாறும் இல்லை என்றார்களாம். அவள் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே வண்டியை விரலால் தள்ளினாள். அது போய்ச் சுற்றிவிட்டு வந்து, மறுபடி அதே இடத்தில் நின்றது. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு போயிருந்தது. குனிந்து, எஞ்சின் ஜன்னலுக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோயிருந்தார். கிளம்புவோம் என்று நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

வெளியே பட்டப்பகல். உள்ளே கை எது கால் எது என்று தெரியாத இருட்டு. ஓடிக்கொண்டிருந்த பொம்மை ரயில்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓய்ந்தன. பிள்ளைகள் கூச்சல் போட்டன, பெரியவர்கள் செல்போன் வெளிச்சத்தில் வாசல் பக்கம் நகர்ந்தார்கள். ஜெனரேட்டர்காரனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இன்பமணியும் போனாள். மூலையில் நாங்கள் இரண்டு பேரும்தான் மிச்சம். நானும் இடுப்பிலிருந்து போனை எடுக்கப் போனேன்.

மேசை மேல் ஏதோ உருண்டது.

சின்னச் சத்தம். டக்... டக்... டக்... டக். சக்கரம் தண்டவாள இணைப்பைத் தாண்டுகிற சத்தம். தட்டப்பாறைக்கு முன்னால் நின்றிருந்த அந்த ஒரு வண்டி மட்டும், கரண்ட் இல்லாமல், எப்படியோ மறுபடி மணியாச்சிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. எனக்கு முதலில் மூளை வேலை செய்யவில்லை. யாரோ பையன் தள்ளுகிறான் என்று நினைத்தேன். அப்புறம் வாசம் வந்தது. சூடான இரும்பு, எண்ணெய், வியர்வை, எல்லாவற்றுக்கும் மேலே மூக்குப்பொடி.

சத்தம் எங்கள் முன்னால் வந்து நின்றது.

பச்சை விளக்கு எரிந்தது. அந்தக் கடுகளவு வெளிச்சத்தில் எஞ்சினின் ஜன்னல் தெரிந்தது. உள்ளே இரண்டு இருக்கைகள். ஒன்றில் ஆள் இருந்தது. அரிசி உயரம்தான் இருக்கும். அந்த ஆள் முன்னால் பார்க்கவில்லை. பக்கத்துக் காலி இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

“டிஸ்டன்ட் பச்சை.”

ஜேசுபாதம் அண்ணாச்சியின் குரல். மேசையிலிருந்துதான் வந்தது. ஆனால் பொம்மைக்குள்ளிருந்து வருகிற குரலாக இல்லை, பக்கத்தில் நின்று பேசுகிற ஆளின் முழுக் குரலாக இருந்தது.

என் கைக்குள் இருந்த மணிக்கட்டு துடித்தது. அவர் மூச்சை இழுப்பது கேட்டது. பதில் சொல்ல ஆள் மூச்சை எடுக்கிற விதம் எனக்குத் தெரியாதா? வேண்டாம் அத்தான் என்று மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன்.

“டிஸ்டன்ட் பச்சை.” இந்தத் தடவை கெஞ்சலாக இருந்தது.

அவர் கை லேசாகிக்கொண்டு வந்தது. சத்தியமாகச் சொல்லுகிறேன். பிடித்திருந்த மணிக்கட்டின் கனம் குறைந்தது. பிறகு பருமன் குறைந்தது. பிள்ளையின் கையாக ஆனது. என் விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. இன்னும் ஒரு விநாடி விட்டால் பிடிக்க எதுவும் இருக்காது. அவர் வாய் திறந்து முதல் எழுத்துக்கான காற்று வெளியே வந்துவிட்டது.

நான் இன்னொரு கையால் அவர் வாயைப் பொத்தினேன்.

“டிஸ்டன்ட் பச்சை” என்றேன். நான் சொன்னேன்.

ஜன்னலுக்குள் இருந்த ஆள் மெள்ளத் திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு வண்டி நகர்ந்தது. என் பிடிக்குள் அவர் கை பழைய கனத்துக்கு வந்தது. ஜெனரேட்டர் உறுமியது, விளக்குகள் எல்லாம் எரிந்தன. பொம்மை வண்டி தட்டப்பாறை ஸ்டேஷனில் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. திரும்பி வந்த இன்பமணி அதைப் பார்த்துவிட்டு அழுதாள். அப்பா கிளம்பிட்டாரு என்றாள். என் வீட்டுக்காரர் சிலுவை போடத் தெரியாமல் நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டார். அவருக்குக் குரல் கேட்டது நினைவில்லை. இருட்டில் தலை சுற்றியது, நீ பிடித்துக்கொண்டாய் என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு அவர் நன்றாகத் தூங்கினார். மறுநாள் டூட்டிக்குப் போனார். மீனும் சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், தொட்டதற்கெல்லாம் என்னைக் கேலி பண்ணினார். என் மனுஷன் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தை இப்போதும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் குரல் என்னிடம் வந்தது.

முதல் தடவை நடுமதியம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் பொடி வாசம் ஏறியது. “ஹோம் பச்சை” என்று என் தோளுக்குப் பின்னால் சொன்னது. டிஸ்டன்டுக்கு அடுத்து வருகிற சிக்னல் ஹோம். திரும்பவில்லை, பதிலும் சொல்லவில்லை. பிரமை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் பிசைந்த சோற்றைக் கீழே வைத்தார். கண் எங்கோ போனது. வாய் திறந்தது. கையிலிருந்த மோதிரம் தானாகக் கழன்று தட்டில் விழுந்தது.

“ஹோம் பச்சை” என்று கத்தினேன்.

“என்னளா, ரசத்துக்குமா சிக்னலு?” என்று சிரித்தார். மோதிரத்தை எடுத்து மாட்டிக்கொண்டு மிச்சச் சோற்றைத் தின்றார்.

அதற்கப்புறம் எனக்கு வேறு வழி இருக்கவில்லை. நான் சொல்லாவிட்டால் அவர் சொல்லிவிடுவார். இன்பமணியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பயந்துபோய் மாதா கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்தாள். நான் முப்பிடாதி அம்மனுக்குப் பொங்கலிட்டேன். இரண்டு பக்கமும் முறையிட்டுப் பார்த்தாயிற்று. பிறகு அவள் அந்த எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து எடுத்து, துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். காலையில் திறந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணினாள்.

“சக்கரம் சூடா இருக்கு மைனி.”

ஸ்டேஷனை விட்டுக் கிளம்ப எத்தனை சிக்னல் என்று வீட்டுக்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். வேலையைப் பற்றிக் கேட்டால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். முதலில் ஸ்டார்ட்டர், அதற்கும் அப்பால் அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டர் என்றார். அந்தக் கடைசிக் கம்பத்தையும் தாண்டிவிட்டால் வண்டி ஸ்டேஷன்காரர் கையில் இல்லை, யாரும் கூப்பிட்டு நிறுத்த முடியாது என்றார்.

ஸ்டார்ட்டருக்கும் நான் பதில் சொன்னேன். துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தேன். நல்ல வெயில், தூரத்தில் உப்பளம் கண்ணைக் கூசியது. அந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டு சொன்னேன். கீழே வந்து மிஷினில் உட்கார்ந்து பெடலை மிதித்தேன். பெடல் அசையவில்லை. எழுந்து நின்று முழு பாரத்தையும் கொடுத்தேன், அப்போதும் அசையவில்லை. ஈரத் தரையில் நடந்தேன். தரையில் தடம் எதுவும் இல்லை.

வளையல் கழன்று கழன்று விழுவதைப் பார்த்துவிட்டு, ஒழுங்காச் சாப்பிடுளா என்று அவர் திட்டினார். சரி என்றேன். அவருக்கு என்ன சொல்வது? சொன்னால் அவரே பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார், அவர் புத்தி எனக்குத் தெரியும்.

இன்றைக்கு அவருக்கு ஓய்வு நாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டார். ஜன்னல் வழியாக வெயில் அவர் கால் மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசிக் கம்பத்துக்கு நானும் பதில் சொல்வதில்லை, அவரையும் சொல்ல விடுவதில்லை என்று முடிவு பண்ணியிருந்தேன். பதில் இல்லாமல் எந்த வண்டி போகும்? ஒரு கையால் அவர் வாயைப் பொத்தத் தயாராக இருந்தேன். சேலைத் தலைப்பைச் சுருட்டி என் வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

பொடி வாசம் வந்தது.

சூடான இரும்பு வாசம் வந்தது.

“அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டர் பச்சை.”

அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. நிம்மதியாகக் குறட்டை விட்டார். கை கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது. நான் துணியை இன்னும் இறுக்கிக் கடித்தேன்.

“அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டர் பச்சை.”

பதில் வந்துவிட்டது.

என் குரல். அண்ணாச்சியின் குரலுக்குப் பக்கத்திலிருந்து, அந்த இரண்டாவது இருக்கையிலிருந்து வந்தது. என் வாயில் துணி அப்படியே இருந்தது.

ஹாரன் அடித்தது. நீளமாக அடித்தது.

அந்தச் சத்தத்தில் அவர் எழுந்துவிட்டார் என்று நினைத்தேன். இல்லை, தூக்கம் தெளிந்துதான் எழுந்தார். நான் பிடித்திருந்த கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தார். என் விரல்களுக்குள் எதுவும் இழுபடவில்லை. துணியை வெளியே எடுத்துவிட்டு அத்தான் என்றேன். அவர் என்னைத் தாண்டி நடந்து அடுக்களைப் பக்கம் போனார்.

“ஏளா முப்பிடாதி, காபி போடுதியா?”

இந்தா வாரேன் என்றேன்.

அடுக்களையில் பார்த்தார், புறவாசலில் பார்த்தார். பிறகு மாடிப்படிக்குக் கீழே நின்று, கொஞ்சம் பயந்த குரலில் மறுபடி என் பெயரைச் சொன்னார். பக்கத்தில் போய் நின்று, நான் இங்கனதான் இருக்கேன் என்று சொன்னேன். உரக்கச் சொன்னேன். எவ்வளவு தூரத்திலிருந்து சொன்னாலும் திருப்பிச் சொல்லுகிற மனுஷன் அவர்.

இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நானும் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.